பழையதை அகற்றுவதும் பொறியியலே

ஒரு வங்கிக் கிளைக்குள் நுழைந்தால் காசாளரின் கணினி, மேலாளரின் கணினி, மூலையில் அச்சுப்பொறி, கூரையில் கேமரா, வாசலில் கைரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி எல்லாம் தனித்தனிப் பொருள்களாகத்தான் தெரியும். உண்மையில் இவையெல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் ஓடும் ஒரே வலையமைப்பின் முனைகள். லேன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த உள்ளூர் வலையமைப்பு இன்று பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஜவுளிக்கடையிலும் இருக்கிறது. இணையத்தைப் பற்றி நிறைய எழுதுகிறோம். அந்த இணையம் நம் மேசைக்கு வந்து சேரும் கடைசி நூறு மீட்டரைக் காப்பவர்களைப் பற்றி எழுதுவது குறைவு.

கேபிள் இழுப்பதும், மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றித் தருவதும்தான் அவர்கள் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். லேனின் ஐம்பதாண்டு வரலாற்றைப் படித்தால் வேறொன்று விளங்கும். புதிய கருவியைச் சேர்ப்பது எளிது. பணம் இருந்தால் யாரும் செய்யலாம். காலாவதியானதை அடையாளம் கண்டு, அது ஆபத்தாக மாறுவதற்கு முன் அகற்றுவதுதான் வலையமைப்பு நிர்வாகியின் கடினமான வேலை. அது நடக்காத இடங்களில் மருத்துவமனைகளே முடங்கியிருக்கின்றன.

பகிர்வு பெற்றெடுத்த பொறுப்பு

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில், 1973 மே 22 அன்று ராபர்ட் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். ஆல்ட்டோ என்ற மேசைக் கணினிகளும் லேசர் அச்சுப்பொறியும் அப்போது அங்கே உருவாகிக்கொண்டிருந்தன. கணினிகள் பல, அச்சுப்பொறியோ அரிது. அது எல்லாருக்கும் எட்ட வேண்டும். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971-இல் வானொலி அலைகளைக் கொண்டு இயக்கிய அலோகாநெட் மெட்காஃபுக்கு வழிகாட்டியது. அவரும் சக ஆய்வாளர் டேவிட் பாக்ஸும் ஒரே கோஆக்சியல் கேபிளில் எல்லாக் கணினிகளையும் இணைத்தார்கள். அதுதான் ஈதர்நெட். முதல் வடிவத்தின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட்.

அதன் அடிப்படை விதியை, ஒரு கூடத்தில் பலர் உட்கார்ந்து பேசுவதோடு ஒப்பிடலாம். யாரும் பேசவில்லை என்றால் நீங்கள் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் வாயெடுத்துவிட்டால் இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி தொடங்க வேண்டும். தலைமைக் கணினி என்று ஒன்று இல்லாமலே பல கணினிகள் ஒரு கேபிளைப் பகிர்ந்துகொள்ள இந்த எளிய ஒழுங்கு போதுமாக இருந்தது. 1983-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு இதை 802.3 என்ற தரமாக ஏற்றபோது வேகம் 10 மெகாபிட் ஆகியிருந்தது.

கேபிள் இருந்தால் மட்டும் லேன் ஆகிவிடாது. ஐ.பி.எம். பி.சி. 1981-இல் வந்தது. ஹார்டு டிஸ்க் அன்றைக்கு விலை மிகுந்த பொருள். ஆளுக்கொன்று வாங்கித்தர நிறுவனங்களால் முடியவில்லை. ஒரே டிஸ்க்கைப் பங்கு போட்டு, ஒவ்வொரு கணினிக்கும் ஒரு துண்டு கொடுப்பது முதலில் வந்த வழி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த நாவல் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட நெட்வேர் இதை மாற்றியது. ட்ரூ மேஜரும் அவருடைய கூட்டாளிகளும் டிஸ்க்கைத் துண்டு போடாமல், சர்வரையே ஒவ்வொரு கோப்புக்கும் பொறுப்பாக்கினார்கள். எந்தக் கோப்பைக் கேட்டாலும் சர்வரிடம் கேட்க வேண்டும். கேட்பவர் யார், அவருக்கு உரிமை உண்டா என்று பார்த்துத்தான் அது கொடுக்கும்.

அந்த உரிமையை யாராவது தீர்மானிக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் லேன் நிர்வாகி என்ற பணி உருவானது. நெட்வேர் 3 வரிசையில் சிஸ்கான் என்ற நிரலைத் திறந்து நிர்வாகி பயனர்களைச் சேர்ப்பார், குழுக்களாகப் பிரிப்பார். படிக்க, எழுத, உருவாக்க, அழிக்க, பெயர் மாற்ற என ஒரு கோப்பகத்தின் மேல் எட்டு வகை உரிமைகளைத் தனித்தனியே தரலாம். கணக்குப் பிரிவு ஊழியர் அலுவலக நேரத்தில் மட்டும், குறிப்பிட்ட கணினியிலிருந்து மட்டும் உள்ளே வரலாம் என்று கட்டுப்படுத்தலாம். தவறி அழித்த கோப்பை சால்வேஜ் நிரல் மீட்டுத் தரும். பின்னாளைய நெட்வேரின் திரைக்காப்பில் ஒரு பாம்பு ஊரும். சர்வரின் பளு கூடக்கூட அது நீண்டு விரையும். கதவருகே நின்று பார்த்தாலே சர்வர் திணறுகிறதா என்று நிர்வாகிக்குத் தெரிந்துவிடும்.

அந்த மென்பொருளின் உறுதியும் வியப்புக்குரியது. 1996 செப்டம்பரில் இயக்கப்பட்ட நெட்வேர் 3.12 சர்வர் ஒன்று பதினாறு ஆண்டுகளுக்கு மேல் நிற்காமல் ஓடிய பிறகு 2013-இல் அணைக்கப்பட்டதை ஆர்ஸ் டெக்னிகா இதழ் எழுதியது. எழுதியவர்களின் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இந்த உறுதிக்குள்ளேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஓடுகிற பொருளை யாரும் தொட மாட்டார்கள். தொடாத பொருள் மறக்கப்படும். அது எப்படி அமைக்கப்பட்டது என்று தெரிந்தவர் ஒருநாள் ஓய்வுபெற்றுப் போய்விடுவார்.

இருபது ஆண்டுகள் உடன் வந்த பலவீனம்

நாவலுக்குப் போட்டியாக மைக்ரோசாஃப்ட் 3காம் நிறுவனத்துடன் சேர்ந்து 1987-இல் லேன் மேனேஜர் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. சந்தையில் அது நெட்வேரை வெல்லவில்லை. இருந்தாலும் அது விட்டுச் சென்ற ஒரு பழக்கம் பல ஆண்டுகள் நீடித்தது.

பாஸ்வேர்டை அப்படியே சேமித்தால் திருடுபோகும் என்பதால், அதிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீட்டைத்தான் கணினிகள் சேமிக்கும். லேன் மேனேஜர் அதை இப்படிச் செய்தது: பாஸ்வேர்டு அதிகபட்சம் 14 எழுத்து, சிறிய எழுத்துகள் எல்லாம் பெரிய எழுத்தாக மாற்றப்படும், பிறகு அது ஏழு ஏழாக இரு பாதிகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு பாதிக்கும் தனிக் குறியீடு உருவாகும். தட்டச்சு செய்யக்கூடிய 95 ஆங்கிலக் குறிகளில் சிறிய எழுத்துகள் 26 போனால் மிஞ்சுவது 69. 14 இடங்களுக்கும் சேர்த்து ஊகிக்க வேண்டுமானால் 69-ஐ 14 முறை பெருக்க வேண்டும். அது 26 இலக்க எண். வெட்டிய பிறகோ ஒவ்வொரு பாதிக்கும் சுமார் 7.4 லட்சம் கோடி வாய்ப்புகள்தான். இரண்டையும் சேர்த்தால் 15 லட்சம் கோடிக்குள் அடங்கிவிடும். கேட்கப் பெரிய எண்ணாக இருந்தாலும், நொடிக்குப் பல கோடி முறை முயலும் கணினிக்கு இது எட்டாத தூரமே இல்லை. பெருக்கலாக இருக்க வேண்டிய பாதுகாப்பு வெட்டிய கணமே கூட்டலாகக் குறுகிவிட்டது.

1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யில் இதைவிட வலுவான முறை இருந்தது. ஆனால் பழைய கணினிகளும் இணைய வேண்டுமே என்பதற்காகப் பழைய குறியீடும் கூடவே சேமிக்கப்பட்டது. பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தென்ன, பக்கத்திலேயே பலவீனமான இன்னொரு பூட்டும் அதே கதவைத் திறக்கிறதே. அந்தப் பழைய குறியீட்டைச் சேமிக்கும் வழக்கம் விண்டோஸ் விஸ்டாவில்தான் இயல்பாக நிறுத்தப்பட்டது. அது பொதுமக்களுக்கு வந்தது 2007-இல்; லேன் மேனேஜர் பிறந்து இருபது ஆண்டுகள் கழித்து.

இதே கதையின் பெரிய வடிவம் எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை. 1980களில் ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்த இதை மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. புதிய பதிப்புகள் வந்த பிறகும் முதல் பதிப்பு விண்டோஸுக்குள் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்டின் பொறியாளர்களே 2016 செப்டம்பரில் வெளிப்படையாக வேண்டினார்கள். அதிலிருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்று திருத்தமும் வந்தது. இரண்டே மாதத்தில், மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஒரு லேனுக்குள் ஒரு கணினியில் நுழைந்தால் போதும். யாரும் எதையும் சொடுக்காமலே பக்கத்துக் கணினிகளைத் தானாகத் தேடிப் பிடித்தது. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையில் டிரஸ்ட் எனப்படும் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அந்த நோயாளிகளில் யாரும் எஸ்.எம்.பி. என்ற பெயரைக் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

பாஸ்டனில் நான்கு நாட்கள்

தாக்குதல் எதுவும் இல்லாமலே ஒரு வலையமைப்பு விழக்கூடும். 2002 நவம்பர் 13 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நடந்தது அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஈதர்நெட்டின் ஓர் இயல்பைச் சொல்ல வேண்டும். லேனில் பொது அறிவிப்பாக அனுப்பப்படும் தகவல் பொதியை, கேபிள்களை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டி, வந்த முனை தவிர தன் மற்ற எல்லா முனைகளுக்கும் நகலெடுத்து அனுப்பும். அந்தப் பொதிக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஒரு கேபிள் அறுந்தாலும் மற்றொன்று தாங்கட்டும் என்று இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிள் போட்டால் ஒரு வளையம் உருவாகிவிடும். பொதி அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றி, நகல் நகலாகப் பெருகி, சில நொடிகளில் வேறெதற்கும் இடமில்லாமல் செய்துவிடும். 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் இதற்குத் தீர்வு கண்டார். ஸ்விட்சுகள் தமக்குள் செய்தி பரிமாறி ஒன்றை வேராகத் தேர்ந்துகொள்ளும். வளையம் உண்டாக்கும் முனைகளைத் தாமாகவே அடைத்துவைக்கும். ஒரு வழி அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். ஸ்பேனிங் ட்ரீ எனப்படும் இந்த நெறிமுறை 1990-இல் தரமானது. இன்றும் உலகின் லேன்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்கு ஓர் எல்லை உண்டு. வேரிலிருந்து செய்தி உரிய நேரத்துக்குள் எல்லா ஸ்விட்சுகளையும் எட்ட வேண்டும். வழியில் ஏழு ஸ்விட்சுகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பரிந்துரை. பாஸ்டன் மருத்துவமனை 1996-இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவானது. அவற்றின் வலையமைப்புகளும் ஒட்டுப் போட்டு இணைக்கப்பட்டு, ஆண்டுதோறும் புதுக் கட்டடங்களும் சேர்ந்து, அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டிருந்தது. மொத்தத்தையும் ஒரே வரைபடமாகப் பார்த்து மறுபடி வடிவமைக்க யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. ஓர் ஆராய்ச்சியாளரின் மென்பொருள் ஒருநாள் பெருமளவு தரவை வலையமைப்பில் கொட்டியபோது அந்த நெரிசலில் ஸ்விட்சுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியவில்லை. வழிகள் தவறாகத் திறந்து மூடின. சரிசெய்ய எடுத்த முயற்சிகள் சிக்கலைக் கூட்டின.

மருத்துவமனை ஏறக்குறைய நான்கு நாட்கள் காகிதத்துக்குத் திரும்பியது. ஆய்வகச் சோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மருந்துக் குறிப்பைத் தாளில் எழுதியே பழகாத இளம் மருத்துவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சிஸ்கோ நிறுவனத்தின் வல்லுநர்கள் வந்து வலையமைப்பைப் பகுதி பகுதியாக மறுபடி கட்டினார்கள்.

மருத்துவமனையின் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலம்கா இதை மூடி மறைக்கவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எல்லாருக்கும் சொன்னார். அவர் பகிர்ந்த பாடங்களில் மூன்றை எந்த அலுவலகமும் எழுதி ஒட்டிவைக்கலாம்: வலையமைப்பின் அறிவு ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது, எந்த மாற்றமும் பலர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நடக்க வேண்டும், ஒவ்வொரு கருவிக்கும் ஆயுட்காலம் குறித்து, முடிந்ததும் மாற்ற வேண்டும். அன்று அங்கே குறைவாக இருந்தது கருவி இல்லை. தம்மிடம் இருப்பது என்னவென்ற முழுமையான அறிவு.

பார்க்கக் கற்றுக்கொடுத்த கருவிகள்

அந்த அறிவைத் தரும் கருவிகளை எழுதியவர்களில் பலர் தனிமனிதர்கள். தங்கள் அன்றாடச் சிக்கலைத் தீர்க்க எழுதியவர்கள். ஒரு கணினி மறுமுனையில் இருக்கிறதா என்று கேட்கும் பிங் நிரலை 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதினார். ஸ்விட்ச், ரூட்டர், அச்சுப்பொறி எல்லாவற்றிடமும் நலம் விசாரிக்கும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை 1988-இல் வந்தது. கேபிளில் ஓடும் ஒவ்வொரு பொதியையும் பிரித்துக் காட்டும் ஈத்தரியலை ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-இல் இலவசமாக வெளியிட்டார். 2006 முதல் அதன் பெயர் வயர்ஷார்க். கல்லூரி மாணவர் முதல் பன்னாட்டு நிறுவனப் பொறியாளர் வரை இன்றும் பயன்படுத்துவது இதைத்தான்.

இங்கும் பழையது ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்புகளில் நுழைவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் கேபிளில் வெளிப்படையாகப் போகும். அந்தச் சொல்லே பல கருவிகளில் 'பப்ளிக்' என்றுதான் தொழிற்சாலையிலிருந்து வரும். பாதுகாப்பான மூன்றாம் பதிப்பு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாற்றப்படாத கருவிகள் இருக்கின்றன.

இன்றைய பணிகள்

அன்றைய நிர்வாகி ஒருவரே சர்வர், கேபிள், பயனர், அச்சுப்பொறி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இன்று பெரிய நிறுவனங்களில் அந்தப் பணி பலராகப் பிரிந்துவிட்டது. ஸ்விட்சும் வைஃபையும் நெட்வொர்க் பொறியாளர் பொறுப்பு. யார் எதற்குள் போகலாம் என்பதை அடையாள நிர்வாகக் குழு பார்க்கிறது. இரவும் பகலும் பதிவேடுகளைக் கவனிக்கப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் இருக்கிறது. கருவி ஒவ்வொன்றாக உட்கார்ந்து கட்டளை தட்டுவதற்குப் பதிலாக, ஆன்சிபிள் போன்ற நிரல்கள் வழியே நூற்றுக்கணக்கான ஸ்விட்சுகளை ஒரே கோப்பிலிருந்து மாற்றுகிறார் தானியக்கப் பொறியாளர்.

இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு சிந்தனை மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. கட்டடத்துக்குள் இருப்பதெல்லாம் நம்பத்தக்கது, ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்பது பழைய எண்ணம். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் அட்டை விவரம் திருடுபோனபோது, திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன ஒப்பந்ததாரர் ஒருவரின் நுழைவுக் கணக்கு வழியாக. உள்ளே வந்தவர்களால் பணம் வசூலிக்கும் கருவிகள் வரை போக முடிந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் காணொளிப் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கியது.

இத்தகைய அனுபவங்களால் வலுப்பெற்றதுதான் 'எதையும் முன்கூட்டி நம்பாதே' என்ற கொள்கை. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் 2020-இல் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. உள்ளே இருக்கிறது என்பதற்காக எந்தக் கருவிக்கும் சலுகை கிடையாது. ஒரே ஸ்விட்சில் இணைந்திருந்தாலும் வி.லேன் என்ற பிரிப்பின் மூலம் கேமரா ஒரு பகுதியிலும் கணக்குப் பிரிவு இன்னொரு பகுதியிலும் விருந்தினர் வைஃபை வேறொரு பகுதியிலும் இருக்கும். ஒன்றில் நுழைந்தவன் மற்றொன்றுக்கு எளிதில் தாவ முடியாது. கருவி ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை நிரூபித்த பிறகே ஸ்விட்ச் முனை திறக்கும்.

தானியக்கத்துக்கும் விலை உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பின் திறனை அளக்கக் கொடுத்த ஒரு கட்டளை, மொத்த இணைப்பையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலேயே பிழை இருந்தது. சுமார் ஆறு மணி நேரம் சேவைகள் நின்றன. பழுதைச் சரிசெய்ய உதவும் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அவையும் நின்றன. ஒரு கையால் ஒரு ஸ்விட்சைக் கெடுக்க முடிந்த காலம் போய், ஒரு வரியால் அனைத்தையும் நிறுத்தக்கூடிய காலம் வந்துவிட்டது. மாற்றத்தைப் பலர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஹலம்கா சொன்ன பாடம் இப்போது முன்பைவிட அவசியம்.

பட்டியலும் துணிவும்

இவ்வளவும் பெரிய நிறுவனங்களின் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். முப்பது கணினி உள்ள பள்ளியிலும் பத்துப் பேர் வேலை செய்யும் மருந்துக்கடையிலும் நிலைமை இதுதான். அங்கே ஒருவரே எல்லா வேலையும் பார்ப்பார்; பெரும்பாலும் அது அவருடைய முக்கியப் பணியாகவும் இருக்காது.

அவர் செய்யக்கூடியவை எளியவை. முதலில் ஒரு பட்டியல்: வலையமைப்பில் இருக்கும் ஒவ்வொரு கருவியும், அது எங்கே இருக்கிறது, என்ன பதிப்பு மென்பொருள் ஓடுகிறது, தயாரிப்பாளர் எந்த ஆண்டு வரை திருத்தம் தருவார். அடுத்து ஒரு வரைபடம்: எந்த ஸ்விட்சிலிருந்து எங்கே கேபிள் போகிறது. தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை மாற்றுவது, பயன்படாத கணக்குகளை மூடுவது, பழைய எஸ்.எம்.பி.யை நிறுத்துவது, கேமராக்களைத் தனிப் பகுதியில் வைப்பது, காப்புப் பிரதியை எடுத்ததோடு நில்லாமல் அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்ப்பது. இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. நேரமும் அதிகாரமும்தான் தேவை.

அந்த நேரத்தையும் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டியவர்கள் தலைமை ஆசிரியர்களும் உரிமையாளர்களும் மேலாளர்களும். நம் நிறுவனங்களில் புதிய கணினி வாங்கினால் விழா எடுக்கிறோம். பழைய சர்வரை அணைக்க நிர்வாகி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டால், "ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்று சொல்லி மறுக்கிறோம். பாஸ்டனின் வலையமைப்பும் நவம்பர் 12 வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இங்கிலாந்தின் கணினிகளும் மே 11 வரை நன்றாகத்தான் இருந்தன.

ஆகவே ஆண்டு வரவுசெலவைத் திட்டமிடும்போது, வாங்கப்போகும் பொருள்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் அகற்றப்போகும் பொருள்களின் பட்டியலும் இருக்கட்டும். அதை எழுதித் தரும்படி உங்கள் வலையமைப்பைக் காப்பவரிடம் கேளுங்கள். எழுத அவரிடம் நிறைய இருக்கும். கேட்பதற்குத்தான் இதுவரை ஆள் இல்லை.